வேரோடு பிடுங்காத லைன்மேன்

லைன்மேன் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஆயுள் முழுக்க மின்கம்பத்தில் ஏறி ஆகாயத்தைப் பார்த்த மனிதர், கீழே இறங்கியபின் தலையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் குனிந்த தலையோடு திரிந்துகொண்டிருந்தார். விதைத்தாரா, நட்டாரா? ஒரு கத்தரிச்செடி கூடக் கிடையாது.

"நெலத்த வாங்கிப் போட்டு வேடிக்கை பாக்குற ஒரே ஆளு நீதான்டா" என்று அவருடைய அக்கா சிரிப்பாள். புருஷன் போனபிறகு, மகன் வெளியூரில் இருந்ததால், தம்பியோடு வந்து தங்கியவள் அவள். தம்பிக்குக் கல்யாணம் என்ற ஒன்று நடக்கவே இல்லை. ஆகவே அவருக்குச் சோறு போட்டதும் அவள்தான், திட்டுவதற்கு இருந்ததும் அவள்தான்.

வேடிக்கை என்றால் சும்மா வேடிக்கையா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வெயில் தணியும் காலத்தில் மரப்பொந்திலிருந்து ஆந்தைக் குஞ்சுகள் எட்டிப் பார்க்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும். ஈசலைத் தேடித் தவளை வரும். தவளையின் பின்னாலேயே சாரைப் பாம்பு வரும். அதற்கப்புறம் ஒருநாள் கறையான் புற்றின் ஓரத்தில் வெள்ளைக் காளான்கள் குடை விரிக்கும். அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அக்கம்பக்கத்தார் எங்கே காளானைக் கண்டாலும் அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இதத் தின்னலாமா?" புரட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பாதிக்கு மேல் "குப்பையில போடு" என்பார். அவர் சரி என்று சொன்னதைத் தின்று ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை. ஆனால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் மட்டும் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பார்க்காமலே வீசி எறிவார். "புடுங்கிட்டா அடுத்த வருஷம் அந்த எடத்துல உங்கப்பனா வந்து மொளைப்பான்? பிளேடால மண்ணு மட்டத்துல அறுங்கடா!" அவரும் அப்படித்தான் அறுப்பார். இதில் வேடிக்கை, அவர் வாயில் காளானை வைக்கமாட்டார், குமட்டும். எல்லாம் அக்காவுக்குத்தான். அவளுக்கோ காளான் என்றால் உயிர்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஈசல் பேருக்குக் கிளம்பியது. புற்றோரம் வெறிச்சென்று கிடந்தது. "என்னடா, உன் புத்து இந்த வருஷம் லீவா?" என்று அக்கா தினமும் கேட்டாள். கேலிதான், ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. ஒரு காலை, புற்றைவிட்டுச் சற்றுத் தள்ளி, வேலியோர மரங்களின் நிழலில் வெள்ளைவெளேரென்று ஒரு கூட்டம் நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கறையான் மண்ணுக்கடியில் இங்கே வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டார். பிளேடால் பதமாக அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா உப்பும் மிளகும் போட்டு வதக்கி, சட்டியை வழித்துத் தின்றாள்.

மறுநாள் விடிவதற்குள் வாந்தியும் பேதியும் அவளைக் கிழித்துப் போட்டன. டவுன் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "செத்துப் பொழைச்சேன்டா" என்று சிரித்தாள். லைன்மேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அதே காளான் மிச்சம் இருந்தா கொண்டு வாங்க. சீக்கிரம்."

ஓடினார். அறுத்த இடத்தில் வெள்ளைக் கட்டைகள் நின்றன. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காளானின் அடிமண்ணை விரலால் தோண்டினார். தண்டின் அடியில், உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பை. அடியில் பை இருந்தால் விஷம் என்று எப்போதோ காதில் விழுந்திருக்கிறது. விழுந்து என்ன புண்ணியம்? எந்தக் காளானுக்கும் அடியை அவர் பார்த்ததே இல்லையே! அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அவர் கொண்டுபோன அந்தப் பையைப் பார்த்ததும் டாக்டரம்மா அவரைத் தனியே கூப்பிட்டாள். "இப்பத் தெளிஞ்ச மாதிரிதாங்க இருக்கும். உள்ள ஈரல் போய்க்கிட்டிருக்கு. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

"அந்தக் காளான்தானா?"

"நான்தான்க்கா... என் கையாலயே..."

"வாயை மூடு. பறிச்சது நான். கேட்டா அப்படித்தான் சொல்லணும். என் பையன் உன்ன உண்டு இல்லைன்னு பண்ணிடுவான். அவனையும் விட்டா உனக்கு யாருடா இருக்கா?"

மகன் வந்தபோது அவள் கண் மஞ்சளாகியிருந்தது. அந்த நிலையிலும் அவனிடம் தானே பறித்ததாகச் சொல்லிவிட்டுத்தான் நினைவு தப்பினாள். பிறகு கண் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீடு அடங்கியபின், மகன் பின்வாசற்படியில் உட்கார்ந்து செத்துப்போனவளைத் திட்டிக்கொண்டிருந்தான். "வயசான காலத்துல நாக்கு கேக்குதா இவளுக்கு? கண்டதையும் பறிச்சுத் தின்னு, பாவி, எங்கள இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே!"

லைன்மேனால் தாங்க முடியவில்லை. அக்கா சொல்லிவிட்டுப் போனதாவது ஒன்றாவது.

"அவள ஏசாதடா. பறிச்சது நான். நான்தான் அறுத்துக் கொண்டாந்து குடுத்தேன்."

மகன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தான்.

"எனக்குத் தெரியும் மாமா. அம்மாவ விட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வராது. உங்களுக்குத் தெரியாத காளானா?"

"டேய், சத்தியமாடா..."

"விடுங்க மாமா. பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன். இனிமே நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் யாரும் அடுப்புல வைக்கணும்."