ஏலக்காய் ஸ்டோரில் உலர்த்திய போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தது சீனிச்சாமி. எஸ்டேட்டில் ஏலக்காய் பறித்துப் பறித்து மனைவி ராக்குவின் விரல்கள் வீங்கியிருந்தன. "நீ ஒக்காரு, இன்னிக்கு இது என் சோலி" என்று வாளியை வாங்கிக்கொண்டார். வேலைக்குச் சேலைமேல் அவள் மாட்டும் பழைய சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி மிதித்த பிறகுதான் காலில் தட்டுப்பட்டது, பையிலிருந்த போன்.

அதில் மகள் அனுசியாவின் குரல் இருந்தது. அவள் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். ஆத்தாளுக்கு எழுத்துத் தெரியாதென்று, திருப்பூரில் வேலைக்கு இருந்தபோது எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள். 'யம்மா, சாப்டியா? அப்பாவுக்கு வெத்தல வாங்கிக் குடுக்காத.' ராக்கு சாயங்காலமானால் அதைப் போட்டுக் கேட்பாள். சீனிச்சாமி எழுந்து வெளியே போய்விடுவார்.

"வெரசா போடிக்குக் கொண்டு போவமே" என்றாள் ராக்கு.

"ஞாயித்துக்கெழம எவன் கட தொறந்திருப்பான்? பச்சக் காயையே ஒரு ராத்திரியில காயப் போடுறவன் நான். இது என்ன?"

எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவர் அவர். சூடு ஓடும் தகரக் குழாயையொட்டிய தட்டில், காயோடு காயாகப் போனையும் வைத்தார். காலையில் சொட்டு ஈரமில்லை. போனின் முதுகு மட்டும் உப்பியிருந்தது.

ஜீப்பில் மலையிறங்கிப் போடி டவுனுக்குப் போனார். போன் பழுதுபார்க்கும் பாண்டியராஜன் மோந்து பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, பாயசத்துல விழுந்துச்சா?"

கழற்றியதும் சிரிப்பு நின்றுபோனது. "தண்ணி கெடுக்கலண்ணே. உள்ள வெந்துபோச்சு. ஈரத்தோட கொண்டாந்திருந்தா ஏதாச்சும் செஞ்சு பாத்திருக்கலாம்."

"பேச்ச மட்டும் எடுக்க முடியாதாப்பா?"

"வேற எதுலயாவது ஏத்தி வச்சிருந்தீகளா?"

அப்படி ஒரு வழி உண்டென்றே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் ராக்கு காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்மேல் பழியைப் போட வழியெல்லாம் யோசித்து வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும், "நான் வச்ச சூடுதான் தின்னுருச்சு" என்றார்.

அவள் அழவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தபடி கேட்டாள்: "வெத்தல குடுக்காதன்னு சொல்லிட்டுச் சிரிப்பாளா, சிரிச்சுட்டுச் சொல்லுவாளா? நேத்துலருந்து எனக்கு மாறி மாறி வருது."

சீனிச்சாமிக்கு அது தெரியாது. ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால்தானே.

ராக்கு அவர் வாயையே பார்த்தாள். பிறகு, சாயங்காலமானால் அவர் போவதுபோல, சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.