தப்பட்டை அடித்துத் தேடினோம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வத்தல்மலையில் எங்களுக்குக் கொஞ்சம் சாமைக் காடு இருந்தது. அறுப்பு நாளில் நான்கு வயது மகளை மர நிழலில் விளையாட விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் கதிர் அறுத்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

கூப்பிட்டேன், பதில் இல்லை. காட்டை ஒட்டிக் கரடி நடமாடும் பள்ளம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சொல்ல, ஊரே திரண்டு வந்துவிட்டது. ஆண்கள் தப்பட்டை அடித்துக்கொண்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டும் பள்ளத்தில் இறங்கினார்கள். சத்தத்துக்குக் கரடி விலகிப் போகும், பிள்ளையும் கேட்டு வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. என் வீட்டுக்காரருக்கு எப்போதுமே சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நினைப்பு. அன்று தொண்டை கிழியக் கத்தினார்.

பொழுது சாய்ந்தது, பனி இறங்க ஆரம்பித்தது. ஒரு புதர் விடாமல் தட்டியாயிற்று. இருட்டிவிட்டால் பந்தம் கொளுத்தினாலும் அந்தப் பள்ளத்தில் கால் வைக்க முடியாது. நான் வேண்டாத சாமி இல்லை.

மேட்டில் என்னோடு பக்கத்துக் காட்டுக்காரியும் அவள் மகளும் நின்றிருந்தார்கள். அதற்கும் என் பிள்ளை வயதுதான். தப்பட்டைச் சத்தம் எங்கள் பக்கம் நெருங்கியதும் அது சட்டென்று பாறை மறைவில் பதுங்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. தாய் கூப்பிட்டும் அசையவில்லை.

எனக்குப் பகீரென்றது. சாமை முற்றும் காலத்தில் காட்டுப்பன்றியைத் தப்பட்டை அடித்துத்தான் விரட்டுவோம். அது கண்மண் தெரியாமல் ஓடிவரும். அதனால், சத்தம் கேட்டால் பாறை இடுக்கில் ஒளிந்துகொள், வாயைத் திறக்காதே என்று பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

தேடும் ஆட்களை ஏவிக்கொண்டிருந்த ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். "தப்பட்டைய நிறுத்தச் சொல்லுங்க. வெளையாட்டா பள்ளத்துல எறங்கின எம்புள்ள இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானுங்க ஒளிஞ்சிருக்குது!"

அவர் கையைத் தூக்கினார். எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். நான் மட்டும் பள்ளத்தில் இறங்கி, தினமும் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன்.

"கண்ணு, களி ஆறிப்போவுது. வூட்டுக்குப் போலாம் வா."

மறுபடியும் கூப்பிட்டேன். ஆண்கள் பலமுறை கடந்துபோன பாறை இடுக்கிலிருந்து மெல்லக் குரல் வந்தது.

"ஆத்தா, பன்னி போயிருச்சா?"

"போயிருச்சு சாமி" என்று சொல்லி அவளை வாரியெடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் தேடத் தேட, அந்தச் சத்தத்துக்கே பயந்து அவள் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறாள். பிள்ளை பதில் சொல்லாவிட்டால், குரலை உயர்த்தும் முன் அது எதற்குப் பயந்திருக்கிறது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.