கொசுறு மார்க்

மவுஸைத் தொடுவதற்கு முன் சம்சுல் ஆலம் அதை உள்ளங்கையில் தூக்கி ஒருமுறை எடை பார்ப்பார். கொடைக்கானல் பஜாரில் தைலமும் மலைப்பூண்டும் விற்ற கை அது. எதை எடுத்தாலும் லேசாகக் குலுக்காமல் கீழே வைக்காது. தொப்பிக்கு மேல் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் ஹெட்போன். ஹெட்போனில் எதுவும் ஓடாது. கேட்டால், "காதுக்கு வெதுவெதுன்னு இருக்குங்க" என்பார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையை மனைவி பதுருன்னிசாவிடம் விட்டுவிட்டு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு மாடி வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறார். படம், குரல், கேள்வி எல்லாம் சேர்த்து, படிக்கிறவர் தொட்டால் பதில் சொல்கிற கம்ப்யூட்டர் பாடங்களைச் செய்யக் கற்றுத்தருகிறார்கள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்போடு அத்தா இவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். வாத்தியாராகும் ஆசை மட்டும் இன்னும் உட்காரவில்லை.

ஒரே ஒரு சிக்கல். சான்றிதழ் வருவதற்கு முன்பே போர்டு வந்துவிட்டது. 'சுத்தமான தைலம் கிடைக்கும்' என்பதற்குக் கீழே, 'கம்ப்யூட்டர் பாடங்கள் செய்து தரப்படும்' என்று பச்சைப் பெயிண்டில் பளபளக்கிறது.

"பாஸானப்புறம் மாட்டக்கூடாதாங்க? பெயிலாயிட்டா பஜாரே சிரிக்குமே" என்று பதுருன்னிசா தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, அந்தச் சோலியெல்லாம் வெரசா முடிஞ்சிரும்."

முடியவேண்டிய சோலி, 'நல்ல மலைப்பூண்டை அறிவது எப்படி' என்ற பாடம். திரையில் கிடக்கும் பூண்டுகளில் நல்லதை மவுஸால் இழுத்துத் தராசில் போட வேண்டும். தப்பாகப் போட்டால் 'தவறு' என்று சிவப்பில் வரவேண்டும் என்பது வகுப்பின் விதி. அங்கேதான் மனிதர் மல்லுக்கு நின்றார்.

"கடைக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எப்படிங்க சொல்றது? மறுபடி படியேறுவாங்களா?"

ஆகவே அவர் பாடத்தில் சொத்தைப் பூண்டைப் போட்டால் அவருடைய குரலே வரும்: "அது வேணாங்க, உங்களுக்குன்னு உள்ள எடுத்து வச்சிருக்கேன், இதைப் பாருங்க." மறுபடியும் தப்பாகப் போட்டால், "சரி விடுங்க, அரை மார்க்குல முடிச்சுக்கிடுவோம்." பத்துக் கேள்விக்கும் சரியாகச் சொன்னவருக்குக் கொசுறாக இன்னொரு மார்க்.

பரீட்சை அன்று டீச்சர் ஜெயப்பிரியா அவர் பாடத்தைத் திறந்தார். சிரிப்பைச் செலவழிக்காமல் சேர்த்து வைப்பவர். சோதிப்பதற்காகவே சொத்தையை இரண்டு தடவை இழுத்துப் போட்டார். அரை மார்க் தருவதாகப் பாடம் சொன்னது. 'முடியாது' என்ற பட்டனை அமுக்கினார். முக்காலுக்கு ஏறியது. டீச்சரின் நாற்காலி அவரை அறியாமல் முன்னால் நகர்ந்தது. மீண்டும் 'முடியாது'. பாடம் அசையவில்லை. சலித்துப்போய் மூடும் பட்டனைத் தொட்டார்.

"என்னங்க, கெளம்பிட்டீங்க? உள்ள வாங்க, பேசிக்கிடலாம்!" என்றது ஸ்பீக்கர்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கடைப்படி இறங்குகிறவர்களை சம்சுல் ஆலம் இத்தனை வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறார். முதல் கூப்பாட்டுக்கே திரும்புகிறவருக்குச் சொன்ன விலைதான். காது கேட்காதவர்போல இன்னும் ஓர் அடி வைக்கிறவருக்கே விலை இறங்கும்.

"பாய், பத்துக்குப் பதினொண்ணு எங்கயாச்சும் உண்டா? பேரம் பேசுனா அதுக்குப் பேரு பரீட்சையா?" என்றார் டீச்சர். "கொசுறையும் பேரத்தையும் எடுத்துட்டு, தப்புன்னா தப்புன்னு போடுங்க. இப்பவே பாஸ் போடுறேன். இல்லைன்னா பெயில்தான்."

எடுத்துவிடலாம், நாலு கிளிக் வேலை. பச்சை போர்டு கண்ணுக்குள் ஆடியது. அதைக் கழற்ற ஏணி கேட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் நிற்பதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கை போகவில்லை.

"அதை எடுத்துட்டா அது எம் பாடமே இல்லைங்க டீச்சர்."

மவுஸை ஒருமுறை குலுக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டினார். மற்றது காலடியிலேயே கிடந்தும் நிதானமாகத் தேடினார். பிறகு முதல் படியில் கால் வைத்தார்.

"பாய்!" உள்ளேயிருந்து டீச்சரின் குரல், சிரிப்பை அடக்க முடியாமல் வந்தது. "என்ன, கெளம்பிட்டீங்க? உள்ள வாங்க, பேசிக்கிடலாம்."

சம்சுல் ஆலம் திரும்பவில்லை. ஹெட்போனைக் காதில் சரியாகப் பொருத்திக்கொண்டு, இன்னும் ஒரு படி இறங்கினார்.