எது அவள் புகை போட்ட பால்

பாரியங்கா என் பெரியம்மா மகன். என் தாயாரும் அவர் தாயாரும் பகாஹே குலத்துக் கஜூராவின் பெண்கள். மூத்தவளை ருஷேரேப் பக்கம் கொடுத்தார்கள், இளையவளை ஆற்றுக்கு இந்தப் பக்கம். அதனால் பாரியங்கா எனக்கு அண்ணன், அவர் மனைவி கெமிரெம்பே அண்ணி. ஒரு அலுமினியக் கேனுக்காக அண்ணி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவளைத் திரும்ப அழைக்கப் போனவர்களில் நானும் ஒருவன். கேன் மட்டும் காரணமில்லை.

அண்ணனுக்கு எல்லாமே கண்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், அங்கே என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பெண்ணின் மாமன் போட்டிருந்த சட்டையில் என்ன நிறத்துக் கோடு என்று கேளுங்கள், சொல்வார். நானும் கொஞ்சம் அந்த ஜாதிதான். இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்து, மேய்கிற மாடுகளைப் பார்த்தபடி பேச்சில்லாமலே பகலைக் கழித்திருக்கிறோம். எங்களுக்குள் அதுதான் சிநேகம். "ரெண்டு ஊமையும் பேசினது போதும்னா கஞ்சிக்கு வாங்க" என்று என் மனைவி கூப்பிடுவாள்.

கெமிரெம்பேயை அவர் கட்டியதும் கண்ணால்தான். கிணற்றில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தபோது கழுத்தைப் பார்த்தாராம், அவ்வளவுதான். அவளோ அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "குரல் தணிஞ்ச குரல், அத்தே. போர்வையில நம்ம மாட்டு வாசனை. அந்த வீட்ல இருந்துக்கலாம்" என்று தன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் உலகம் மூக்கிலும் கையிலும் இருந்தது. இருட்டுத் தொழுவத்தில் மாட்டின் விலாவைத் தொட்டுக் காய்ச்சல் என்பாள், காலையில் காய்ச்சலாகத்தான் இருக்கும். அவள் போடும் புகையைப் பற்றி மூன்று மலைக்கு அப்பால்கூடப் பேசினார்கள். எங்கள் பெண்கள் எல்லோரும் மண் சட்டியில் புல்லைப் புகைய வைத்து, அந்தப் புகையை மரக் குடுவைக்குள் அடைத்துத்தான் பால் ஊற்றுவார்கள். ஆனால் அண்ணி அந்தப் புல்லுக்காகக் கறையான் புற்று இருக்கும் சரிவு வரை நடப்பாள். இன்னொரு புல்லையும் கலப்பாள், அது என்ன புல் என்று யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பாலைக் குடித்தால் கொஞ்ச நேரம் பேசத் தோன்றாது.

அண்ணன் குடிப்பார், வாயைத் துடைப்பார், போய்விடுவார்.

"ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லட்டுமே. சுவத்துக்கு ஊத்துற மாதிரி இருக்கு" என்று அண்ணி என் மனைவியிடம் சொன்னாள்.

அண்ணனுக்கும் ஒரு குறை உண்டு. மந்தையிலேயே அழகான கருஞ்சிவப்புப் பசுவை அவளுக்கென்று ஒதுக்கி, சாயங்கால வெயில் அதன் கொம்பில் படும் நேரமாகப் பார்த்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். அவள் வந்து மடியைத் தடவிப் பார்த்து, "பால் வத்திப்போச்சு" என்று உள்ளே போய்விடுவாள்.

"பாக்கவே மாட்டேங்கிறாடா" என்பார் என்னிடம். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பாய். அவரவர் தனியாகத்தான் இருந்தார்கள்.

காளை விற்க இம்பராரா சந்தைக்குப் போனவர் அந்தக் கேனை வாங்கி வந்தார். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கும். அவளுக்குப் பரிசு. வீட்டுக்குள் பால் குடுவைகள் வைக்கிற மண் மேடை இருக்குமே, அதில் அவள் தாயார் கொடுத்தனுப்பிய குடுவைகளைக் கீழே இறக்கிவிட்டுக் கேனை நடுவில் வைத்தார். ஆம்பளை அந்த மேடையில் கை வைப்பதே இல்லை. அவருக்கு அதெல்லாம் தோன்றவில்லை, வெளிச்சம் விழுகிற இடம் அதுதான் என்று மட்டும் பார்த்திருக்கிறார். தண்ணீர் எடுத்துவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாளாம். வீட்டில் தகர வாடை. உன் புகை எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு விடிந்ததும் தகப்பன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

போன பெண்ணைப் புருஷன்தான் போய்க் கேட்க வேண்டும். வாழைக் கள்ளோடு போனோம். அவள் அண்ணன் முகுமே எங்களை வெயிலிலேயே உட்கார வைத்தான்.

"வாங்க மச்சான். கேன் சௌக்கியமா? நைட்டுக்குக் கஞ்சியெல்லாம் அதுவே ஆக்கிப் போடுதா?"

சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மாமனார் ருடாரோ, "சும்மா இருடா" என்று மகனை அடக்கிவிட்டு, "மாப்ளே, அவ முடிவுதான் என் முடிவு. அவளே கேக்கட்டும்" என்றார்.

அவள் வெளியே வரவில்லை. அத்தைதான் இரண்டு குடுவைகளைக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டுலயும் பால் இருக்கு. ஒண்ணு அவ புகை போட்டது, இன்னொண்ணு முகுமே பொண்டாட்டி போட்டது. எது அவ போட்டதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இப்பவே கெளம்புறாளாம்."

அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. வாயில் வைக்கக்கூட இல்லை, இடது பக்கத்துக் குடுவையைத் தொட்டார். "இதுதான். அவங்கம்மா குடுத்தது. அடியில ஒரு விரிசல் இருக்கும், செப்புக் கம்பி போட்டுத் தச்சிருக்கும். கழுத்துல செதுக்கினவன் கை வழுக்கின கோடு ஒண்ணு. அவ தூக்குறப்ப சுண்டு விரல் அந்தக் கோட்டு மேலதான் இருக்கும்."

அத்தை குடுவையைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். செப்புக் கம்பி இருந்தது. உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"குடுவை அவளோடதுதான்" என்றாள் அத்தை. "பால் முகுமே பொண்டாட்டியோடது. கெமிரெம்பே தன் பாலைக் கைக்குக் கெடச்சதுல ஊத்தியிருக்கா, எந்தக் குடுவைன்னு அவ எங்க பாத்தா?"

"அத்தே, அவளே கவனிக்காததை அவர் பாத்து வச்சிருக்காரே" என்றேன் நான்.

"குடுவையை யாருப்பா கேட்டா? குடிச்சுப் பாத்துட்டுத் தப்பாச் சொல்லியிருந்தாக்கூட வந்திருப்பா."

அண்ணன் அப்போதுதான் வலது பக்கத்துக் குடுவையை எடுத்துக் குடித்தார். முழுவதையும் குடித்தார். யாரும் தடுக்கவில்லை. குடித்து முடித்து எதையோ சொல்ல வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை. அந்த மாதிரி வார்த்தைகளை அவர் பழகியதே இல்லை. ருடாரோ எழுந்து உள்ளே போனார். நாங்கள் வந்துவிட்டோம்.

அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இவரும் இல்லை. அவருக்கு இப்போது பால் என் வீட்டிலிருந்துதான் போகிறது. சந்தைக்குப் போகிற நாளில், அவள் தண்ணீர் எடுக்க வருகிற கிணற்றுக்கு எதிர்ச் சரிவில் போய் உட்கார்ந்துவிடுவார். அவளுக்கு நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் கிடையாது. காற்றும் அவள் பக்கமிருந்து இவர் பக்கம்தான் வீசும், இவர் போர்வை வாசனை அவளுக்கு எட்டாது. போன மழைக்கு முன்னால் நானும் கூடப் போய் உட்கார்ந்தேன்.

"கீழ எறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசுங்களேன், அண்ணே."

"என்னத்தப் பேச? கழுத்துல நரம்பு தெரியுது பாரு. இளைச்சிருக்கா."

"அதையாவது சொல்லுங்க."

அவள் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.