‘போறேன்’ என்று எழுதிய ரகு

1. போன்

கொல்கத்தாவில் நியூ டவுனில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குள் அன்று காலை நுழைந்தபோது, ரிசப்ஷனில் இருந்த ஷர்மிளா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தமிழில் யாரோ பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, ஆனால் திட்டுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது என்று வங்காளியில் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

சின்ன வயசுக் குரல்.

"‘போறேன்’னு எழுதினானே, அந்த ஆளு இருக்கானா?"

"நீங்க யாரு பேசறது?"

"அது எதுக்கு உங்களுக்கு? தங்கச்சிய சாகடிக்கப் பாக்குறீங்களா? அவன் அட்ரஸ் எங்கிட்ட இருக்கு. சொல்லி வைங்க."

வைத்துவிட்டான். நான் உட்காருவதற்குள் இன்னொரு கால். அன்று மதியம் ஷர்மிளா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் பிரிவில் நான் மொழி மேற்பார்வையாளர். நாங்கள் ஸ்கிரிப்ட்டை கொல்கத்தாவில் எழுதுவோம், சென்னையில் குரல் பதிவாகும். போனில் அந்தப் பையன் தேடியது எங்கள் மொழிபெயர்ப்பாளர் ரகுவை.

2. நான்கு கதைகள், ஒரு தங்கை

தொடரின் பெயரை எழுத ஒப்பந்தம் இடம் தராது. கப்பல் தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கப்பல் தலைவன், தங்கை அந்தக் கப்பலின் மருத்துவர். ஜப்பானில் ஒரு வாரப் பத்திரிகையில் மங்காவாக, அதாவது படக்கதையாக, ஆரம்பித்தது. பல வருடங்களாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அதை டிவி தொடராக எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் தொடர் மங்காவைத் தாண்டி ஓடிவிட்டது. அடுத்து என்ன என்று படக்கதையிலேயே வராததால் டிவிக்காரர்கள் தாங்களாக ஒரு முடிவு எழுதினார்கள். அதில் தங்கை பிழைத்து, தனிப் படகில் கிளம்பிப் போகிறாள். சில வருடம் கழித்து மங்காவில் ஆசிரியர் அந்த இடத்துக்கு வந்தபோது தங்கையைக் கொன்றுவிட்டார். அதுவும் அண்ணன் கையால். நடுவில் வந்த சினிமாவில் அவளுக்கு நினைவு தப்பிப்போகிறது. வீடியோ கேமில் அவளே வில்லி.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது பழைய டிவி தொடரின் தமிழ் டப்பிங்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கை உயிரோடு இருக்கிறாள். அதுதான் அவர்களுக்குக் கேனன், அதிகாரபூர்வக் கதை. மங்கா படித்தவர்கள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தச் சண்டை எங்களுக்கு முன்பே இருந்தது.

பிறகு ஜப்பானில் தொடரை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். எங்களுக்கு வேலை தந்த கிளையன்ட் கம்பெனி அனுப்பிய ஸ்டைல் கைடில், அதாவது எழுத்து விதிகளில், தெளிவாக இருந்தது: மங்கா மட்டுமே கேனன், பழைய டப்பிங்கின் வார்த்தைகளை எடுத்தாளக் கூடாது.

3. ஒரு வினைச்சொல்

ரகு கொல்கத்தாவிலேயே பிறந்த தமிழன். பெரியவர்கள் திருநெல்வேலிப் பக்கம். மனைவி மிது வங்காளி, மகள் துலிக்குப் பதினோரு வயசு. ஊருக்கு வெளியே சாந்த்ராகாச்சியில் வீடு. ஜப்பானிய மொழியை மாலை வகுப்பில் படித்து, சப்டைட்டில் எழுதிப் பழகி, எங்களிடம் வந்தவன். எபிசோடு முடிவில் ‘தமிழ் வசனம்’ என்று அவன் பெயர் முதல் தடவை வந்தபோது, எல்லோருக்கும் சிங்காராவும், அதாவது வங்காளச் சமோசாவும், டீயும் வாங்கிக் கொடுத்தான்.

பிரச்சினை வந்தது தங்கை படகில் ஏறும் காட்சியில். பழைய தொடரில் அவள் அண்ணனிடம் "போயிட்டு வர்றேன்" என்பாள். ரகு "போறேன்" என்று எழுதியிருந்தான்.

"ரகு, நம்ம வீட்டுல யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்களே" என்றேன்.

"அதான்க்கா விஷயம். ஜப்பான்லயும் சொல்ல மாட்டாங்க. அவங்களும் போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவாங்க. பழைய சீரிஸ்ல அதுதான் இருக்கு. மங்காவுல ஆசிரியர் வேணும்னே மாத்தியிருக்காரு. இவ வெறுமனே போறேங்கறா. திரும்ப மாட்டோம்னு இவளுக்குத் தெரியும்."

"பாக்கறவங்களுக்குப் புரியுமா?"

"காதுல உறுத்தும்லா? உறுத்தணும்க்கா. மிது வீட்டுலகூட கிளம்பும்போது ‘ஆஷி’ம்பாங்க. வர்றேன்னு அர்த்தம். ‘ஜாச்சி’ன்னு, போறேன்னு, சொன்னா அவங்கம்மா பயந்துருவாங்க."

சந்தேகம் இருக்கக் கூடாதென்று கிளையன்ட்டிடம் மெயிலில் கேட்டேன். இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி எழுதினேன். ரகு எழுதியதே ஆசிரியரின் நோக்கம், அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

4. கண்ணீர் அஞ்சலி

எபிசோடு வெளியான அன்றே ஆரம்பித்துவிட்டது. "எந்தத் தமிழன் வீட்ல போறேன்னு சொல்லுவான்?" என்று ஒருவர் போட்ட வீடியோவை ஊரெல்லாம் பார்த்தது. எபிசோடு முடிவிலிருந்த பெயரை வைத்து ரகுவைக் கண்டுபிடித்தார்கள். கொல்கத்தா என்று தெரிந்ததும், வங்காளி எழுதிய தமிழ் என்றார்கள். தங்கை சாகப்போகிறாள் என்பதற்கான ஜாடை அது என்று மங்கா படித்த சிலர் சொல்லப்போக, பழைய தொடர்க்காரர்களின் கோபம் இரண்டு மடங்கானது. அவளைக் கொல்வதே இவன்தான் என்பதுபோல எழுதினார்கள்.

ரகுவின் நம்பர் வெளியே போனது. பிறகு மிதுவின் நம்பர். துலியின் பள்ளிக்கூடப் பெயரையும் யாரோ போட்டார்கள். ரகு போனை அணைத்து வைத்துவிட்டான்.

யாரோ ஒருவன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்தான். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் ரகுவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிப் பூ, கீழே பெரிய எழுத்தில் ‘போறேன்’. அது மிதுவின் போனுக்கு வந்தபோது போன் துலியின் கையில் இருந்தது. அவளுக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், எழுத்து தெரியாது. அப்பா படம், பூ, விளக்கு. ஓடிப்போய்க் காட்டியிருக்கிறாள்.

"பாபா, இது என்ன? உனக்குப் ப்ரைஸ் குடுத்திருக்காங்களா?"

அவன் என்ன செய்வான்? "ஆமாம்மா, ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டான். துலி அதைப் பெருமையாகத் தன் வகுப்புத் தோழிகளின் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஒரு தோழி அந்தப் படத்தைத் தன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். மத்தியான இடைவேளையில் துலியிடம் வந்து, உன் பாபா எப்போது இறந்தார் என்று கேட்டிருக்கிறாள். துலி சிரித்திருக்கிறாள். பிறகு டீச்சரின் போனை வாங்கி அப்பாவுக்கு அடித்திருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அடித்தும் அதேதான். அம்மாவும் போனை எடுக்கவில்லை. தெரியாத நம்பர் எதையும் மிது அப்போது எடுப்பதில்லை.

டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு அடித்து, நான் ரகுவை அழைத்துக்கொண்டு டாக்ஸியில் போய்ச் சேரும்வரை அந்தக் குழந்தை அப்பா செத்துவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. அவன் கன்னத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அதை விடவில்லை. ரகு வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

5. அறிக்கை

தமிழ்ப் பிரிவுக்கு மேலாளர் கார்த்திக். சென்னையிலிருந்து வந்தவர், என்னைவிட மிகவும் இளையவர். நடந்ததைச் சொன்னேன்.

"ரொம்பக் கொடுமை மேடம். ஆனா ஸ்டேட்மென்ட் ஒண்ணு போடலேன்னா இது நிக்காது. மொழிபெயர்ப்புல பிழை, வருந்துகிறோம், மாத்திட்டோம். அவ்ளோதான்."

"பிழை எங்கப்பா இருக்கு? கிளையன்ட் சரின்னு சொன்ன மெயில் உங்களுக்கும்தான் வந்துச்சு."

"வந்துச்சு மேடம். அத வெளிய போட்டா அடுத்த சீசன் நம்மளுக்கு இல்ல. இங்க இருக்கிற அத்தன பேரும் எங்க போவாங்க?"

"அப்ப ரகு எங்க போவான்?"

அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். கையெழுத்து இல்லாமலே அது வெளியானது. நேராகக் கிளையன்ட்டுக்கு எழுதினேன். தொடர்மேல் நான் காட்டும் அக்கறைக்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது.

சென்னையில் குரல் நடிகையைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை ரீடேக் எடுத்து, "போயிட்டு வர்றேன்" என்று ஒட்டினார்கள். ரகுவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அறிக்கை வந்தபின் வசவு அடங்கும் என்று கார்த்திக் நினைத்தார். கம்பெனியே ஒத்துக்கொண்டுவிட்டது என்று அது இன்னும் ஏறியது. அலிப்பூரில் ஒரு வக்கீலிடம் ரகுவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்குப் போடலாம், ஆனால் எல்லாம் பொய்ப் பெயர்கள், ஆளைப் பிடிக்க வருடக்கணக்காகும் என்றார் அவர். ரகு எழுந்துவிட்டான்.

6. சாந்த்ராகாச்சி

சில மாதம் கழித்து, தொடரில் அண்ணன் கையால் தங்கை இறக்கும் எபிசோடு வந்தது. பார்த்தவர்கள் அழுதார்கள். பிறகு புதுச் சண்டை கிளம்பியது. இவள் சாகத் துணிந்து போனவள் என்றால் எதற்கு ‘போயிட்டு வர்றேன்’ என்று சொன்னாள், டப்பிங்கில் கன்டினியூட்டி இல்லை என்றார்கள். முதலில் வந்த ‘போறேன்’தான் சரி என்று, அதை அன்று கிழித்துப் போட்டவர்களே எழுதினார்கள். ரகுவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிளையன்ட் ‘போறேன்’ வரியைத் திரும்பக் கேட்டது. ஆடியோ எங்களிடம் இருந்தது, அதையே போட்டார்கள். அவன் பெயரையும் திரும்பப் போடுங்கள் என்று கேட்டேன். ரகுவின் பாதுகாப்பை முன்னிட்டு வேண்டாம் என்றார்கள்.

நேரில் சொல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சி போனேன். ரகு அப்போது ரயில் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் பில் போட்டுக்கொண்டிருந்தான். மிது கதவைத் திறந்து, "ஆஷுன் திதி", வாங்க அக்கா, என்று உட்கார வைத்தாள். அவன் இளைத்திருந்தான். நான் தமிழில் பேசினேன், அவன் வங்காளியில் பதில் சொன்னான். என்னிடம் அவன் வங்காளியில் பேசியது அதுதான் முதல் முறை. அறிக்கை வந்த நாளிலிருந்து வீட்டில் அவன் வாயில் தமிழ் வருவதில்லை என்று மிது பிறகு சமையலறையில் சொன்னாள்.

"நீ எழுதினதையே திரும்பப் போட்டுட்டாங்க ரகு."

தலையை ஆட்டினான்.

"பேரு போடல. சண்டை போட்டுப் பாத்தேன். இன்னும் பாக்கறேன்."

அப்போதுதான் தமிழில் பேசினான், மெதுவாக. "விடுங்கக்கா. பேரு வந்து என்ன செய்ய? நான் கிடங்குலருந்து வர அஞ்சு நிமிஷம் பிந்துனா துலி ரோட்டுக்கு வந்து நிக்கா. மழை பெஞ்சாலும் நிக்கா. அத எந்த ரீடேக்குல மாத்த?"

தேநீர் குடித்துவிட்டு எழுந்தேன். இந்தத் தொழிலுக்கு அவன் திரும்பவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். எது கேனன் என்று முடிவு செய்கிறவர்கள் மேலே இருக்கிறார்கள், அவர்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் கோபத்தோடு தேடி வருவது எழுதியவன் வீட்டுக்கு. அதனால் முடிவு யாருடையதோ அவர் பெயரும் வசனகர்த்தாவின் பெயரோடு திரையில் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கேட்கிறேன். இதுவரை யாரும் சம்மதிக்கவில்லை. என்னால் ஆனது, புதிதாகச் சேருகிறவர்களிடம் உன் பெயர் வெளியே வரட்டுமா என்று முதலிலேயே கேட்பதுதான். வெறுமனே கேட்பதில்லை, ரகுவுக்கு நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

எல்லாம் கேட்ட பிறகும் பெரும்பாலானவர்கள் வரட்டும் என்றுதான் சொல்கிறார்கள். நான் கேட்டிருந்தால் ரகுவும் அன்று அப்படித்தான் சொல்லியிருப்பான்.