சுருக்கம் போக்கும் கிரீம்

அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். அவரைவிட எட்டு மாதம் மூத்தவள். முறை விட்டுப் போகக்கூடாது, காடுகரை பிரியக்கூடாது என்று பெரியவர்கள் முடிச்சுப் போட்டார்கள். எட்டு மாதத்தை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதியை மல்லசமுத்திரத்து வெயில் பார்த்துக்கொண்டது. அப்பாவும் வெயிலில்தான் கிடந்தார். ரிக் வண்டியோடு வடக்கே போய் வருஷத்தில் பாதிக்குமேல் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஆம்பளை முகத்துச் சுருக்கத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் அம்மாவைக் காட்டி அப்பாவிடம், “இவிய உங்க அக்காங்களா?” என்று கேட்டார். அப்பா சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. ரசம் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டார். அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

ஆவணியில் ரிக் முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசம். அங்கே அப்பாவின் பெண்டாட்டியாகப் போய் நிற்க வேண்டும், ஒருவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரக்கூடாது. அம்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அப்பா போனில், பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொன்ன மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். ஒரு பேன்சி ஸ்டோரில் சுருக்கம் போக்கும் கிரீம் வாங்கினாள்.

என்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைத்த பலனை அவள் கேட்டது அன்றுதான். டப்பாவுக்குள் மடித்திருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரவில் மட்டும், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு முறை, வெயில் படக்கூடாது, பலன் தெரியப் பன்னிரண்டு வாரம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“ராத்திரி பூசுனா தலகாணிக்குத்தான் போவும் சாமி. பன்னண்டு வாரத்துக்கு நான் எங்க போவேன்?” என்றாள்.

மஞ்சள் பூசித்தான் அவளுக்குப் பழக்கம். காலையில் குளித்ததும் முகம் முழுக்க அப்பினாள். அப்படியே கடலைக்காட்டுக்குக் களை கொத்தப் போனாள். சாயந்திரம் வந்து கழுவிவிட்டு மறுபடியும் அப்பினாள்.

இப்போது நான் திருச்செங்கோட்டில் மருந்துக்கடையில் நிற்கிறேன். இந்த மாதிரிக் கிரீம்களை நானே விற்கிறேன். சிலது மேல்தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோல் கொஞ்சம் உப்பும். கோடு மறைந்த மாதிரி தெரியும். ஈரம் போனதும் திரும்பி வந்துவிடும். அது யாரையும் கெடுக்காத ஏமாற்று. அம்மா வாங்கியது ரெட்டினால் என்ற மருந்து சேர்ந்தது. அது பழைய தோலைச் சீக்கிரம் உதிரவைத்துப் புதுத்தோலை மேலே கொண்டுவரும். அடியில் தோலைத் தாங்கும் நாரையும் மெல்ல மெல்லப் பெருக்கும். அதற்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். கூடுதலாகப் பூசினால் சீக்கிரம் வேலை செய்யாது, தோலைப் புண்ணாக்கும். அந்த இளந்தோலுக்கு வெயில் ஆகவே ஆகாது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சலிக்காமல் சொல்கிறேன். கடை முதலாளிக்கு என்மேல் எரிச்சல்தான்.

நாலாம் நாள் அம்மாவின் கன்னம் சிவந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் பூசினாள். ஏழாம் நாள் மூக்கோரமும் நெற்றியும் உரிந்து, தண்ணீர் பட்டாலே துடித்தாள். அப்பா வந்து இறங்கும்போது முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. அவர் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார்; பதிலுக்குக் காத்திருக்காமல் குளிக்கப் போனார்.

விசேஷத்தன்று காலையில் அம்மா இளம்பிள்ளையில் நெய்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். அதைத் தொடாமல் நின்றுகொண்டு, “ஏனுங்க, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எப்பிடிங்க வாரது?” என்றாள்.

“சரி, ஆறட்டும். நீ ஊட்லயே இரு” என்றார் அப்பா. உடனே சொன்னார். அவள் கேட்டது அதற்கல்ல என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு, இவ்வளவு செய்தும் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லையே, எவ்வளவு நல்லவர் என்றுதான் நினைத்தேன்.

என்னை மட்டும் கூட்டிப்போனார். அங்கே ஒருவர், “ஊட்ல வரலீங்களா?” என்று கேட்டதற்கு, “ஒடம்புக்கு முடியலீங்க” என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு போய் உட்கார்ந்தார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முகத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விசேஷம் எப்படி என்று கேட்டாள். அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததேயில்லை என்று சொன்னேன். கேட்டால் அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, அதை இரண்டாம் தடவையும் சொன்னேன்.