காளியாத்தாள் தராத எண்

வேலந்தாவளத்திலிருந்து கேரளத்துச் சித்தூர் போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, 'ஸ்ரீ காளியாத்தாள் எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு பெரிய பலகை நிற்கிறது. ஏதோ அம்மன் பேரில் நடக்கும் கம்பெனி என்றுதான் வழியில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பைக்கின் வேகத்தைக் குறைக்காமலேயே நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் பலகையில் இருந்த காளியாத்தாள் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பாள்.

பெண்கள் பேரில் தொழில் தொடங்கினால் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று பேங்கில் யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் கணவர் செங்கோட்டையன் எல்லாவற்றையும் அவள் பேரில் பதிந்தார். ஏற்றுமதிப் பதிவு எண்ணும் அவள் பேரில்தான். 'ஸ்ரீ' மட்டும் அவராகச் சேர்த்தது. யாராவது கேட்டால் குலதெய்வம் பேர் என்று சொல்லிவிடுவார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெண்டாட்டி பேரை எழுதுகிற ஊரில் இதற்கு ஏன் கூச்சம் என்று காளியாத்தாளுக்குத் தோன்றியதுண்டு. ஆனால் கேட்டதில்லை.

தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்தபின் மிஞ்சுகிற தூளைப் பித்து என்பார்கள். முன்பெல்லாம் சாலையோரம் மலைமலையாகக் கொட்டிக் கிடந்து மழையில் அழுகும். இப்போது அதை நல்ல தண்ணீரில் கழுவி, சிமெண்டுக் களத்தில் காயவைத்து, மிஷினில் அழுத்திக் கட்டியாக்கினால், கடல் தாண்டிக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி வளர்க்கிறவர்கள் மண்ணுக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறார்கள். கட்டிகள் கண்டெய்னரில் ஏறிக் கொச்சிக்குப் போகும். அதற்கு முன் காகிதங்கள் போகும். செடி, பூச்சி சம்பந்தமான சான்றுக்கு ஓர் ஆபீஸ், சுங்கத்துக்கு ஓர் ஆபீஸ், துறைமுகத்துக்கு ஓர் ஆபீஸ் என்று கொச்சி ஏஜெண்டின் ஆள் சுற்றுவான். அந்தக் கட்டு காகிதத்தில் கையெழுத்து வாங்க மட்டும் காளியாத்தாளைத் தேடுவார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரல் காட்டின இடத்திலெல்லாம் பெரிய பெரிய எழுத்தில் தன் பேரைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கரண்டியை எடுப்பாள். என்ன ஏது என்று பார்த்ததில்லை. தூக்கம் கெட்டதும் இல்லை.

அதெல்லாம் மாறிப்போனது. எல்லா ஆபீஸுக்குமான தாக்கலும் ஒரே இணையதளத்தில் என்று ஆகிவிட்டது. கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் மௌனிகா, சித்தூர் காலேஜில் படித்தவள், ஒரு நாள் மத்தியானம் அடுக்களை வாசலுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, இனிமே பேப்பர் கிடையாதுங்க. நான் கம்ப்யூட்டர்ல எல்லாம் போட்டு அனுப்பிச்சன்னா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வருமுங்க. அதைச் சொன்னீங்கன்னாத்தான் தாக்கல் ஆகும்."

"எம் போனுக்கெதுக்குக் கண்ணு? உங்கய்யா போனுக்கு வரச் சொல்லு."

"அய்யா போனுக்கு வராதுங்க. ஆதார் யாருதோ அவிங்களுக்குத்தான் வரும். கம்பெனி உங்க பேருல இருக்குதுங்களே."

அன்றிலிருந்து காளியாத்தாளுக்கு நிம்மதி போயிற்று. செங்கோட்டையன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு மாடு கறந்தாள். குளிக்கப் போனால் கதவுக்கு மேலே வைத்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் எடுத்துப் பார்ப்பாள். சத்தம் வந்தால் திடுக்கிடுவாள். எல்லையோரம் என்பதால் போன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் எதையுமே பிடிக்காமல் விழிக்கும். நம்பர் வந்து பத்து நிமிஷத்துக்குள் சொல்லாவிட்டால் செத்துவிடும். மௌனிகா ஆபீஸிலிருந்து கூப்பிட, செங்கோட்டையன் களத்திலிருந்து கத்த, அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தோப்பின் கிழக்கு வரப்புக்கு ஓடுவாள்.

"ஒரு போனை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியுதா உனக்கு?" என்பார் அவர்.

"தெரியலீங்க. நீங்களே வெச்சுக்கங்க," என்று நீட்டுவாள். ஆனால் வரும் செய்தியை அவர் படித்துச் சொன்னால் ஏனோ அவளுக்குப் பொறுக்காது. திரும்ப வாங்கிக்கொள்வாள். என்ன எழுதியிருக்கிறது என்று மௌனிகாவிடம் கேட்க ஆரம்பித்தாள். கண்டெய்னர், கப்பல் பேர், போகிற ஊர். கேட்டுவிட்டு, "செரி" என்பாள். அந்த ஊர்ப் பேர்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதெல்லாம் வாயில் வந்து போகும்.

ஆடி மழை பிடித்துக்கொண்ட சமயம், மகள் கோமதி ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. கோமதிக்குக் காந்தலூரில் கிருஷிபவன் என்கிற வேளாண்மை ஆபீஸில் வேலை. தனியாக வாடகை வீட்டில் இருந்தாள். மாவுக்கட்டு போட்ட கையோடு எப்படிச் சமைப்பாள், எப்படித் தலை பின்னுவாள் என்று காளியாத்தாள் அன்றைக்கே கிளம்பினாள். கிளம்பும் முன் மாடுகளுக்குப் போதுமான புல்லை அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போனாள். அங்கே களத்துக்குப் பின்னால் பழைய பித்துக் குவியல் ஒன்று போன வருஷத்திலிருந்தே கழுவாமல் கிடந்தது. மழைக்கு அதன்மேல் அருகும் கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. பார்த்தீனியத்தை ஒதுக்கிவிட்டு மற்றதை இரண்டு கட்டு அறுத்து மாடுகளுக்குப் போட்டாள். மறையூர் வழியாக மலையேறிப் போய்ச் சேர்ந்தபோதும் கையில் அந்தப் புல்லின் பச்சை வாசனை இருந்தது.

காந்தலூரில் குளிர். மூன்றாம் நாள் கோமதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "அம்மா, நீ வந்ததிலிருந்து அந்தப் போனையே பாக்கறே. என்னைப் பாக்க வந்தியா, போனைப் பாக்க வந்தியா?" என்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் சத்தமிட்டது. உடனே மௌனிகாவின் அழைப்பும் வந்தது. "அம்மா, நம்பர் வந்துச்சுங்களா? சித்த சீக்கிரம் சொல்லுங்க. கண்டெய்னர் லோடாகி நிக்குது. நாளான்னைக்குக் கப்பலுங்க."

காளியாத்தாள் போனை மகளிடம் நீட்டினாள். "இதுல என்ன போட்டிருக்குதுன்னு ஒருக்கா படிச்சுச் சொல்லு."

கோமதி படித்தாள். பிறகு மௌனிகாவிடம் தாக்கல் செய்யப்போகிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையும் படித்தாள். "கழுவின பித்து. களைவிதை, பூச்சி, மண்ணு எதுவும் கலக்கலை. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல சொன்னதெல்லாம் உண்மைன்னு நீ சொல்றதா இருக்குதும்மா. நம்பரைக் கொடுத்தா நீ கையெழுத்துப் போட்ட மாதிரி."

கண்டெய்னர் ஒன்று நிரம்ப எவ்வளவு கட்டி வேண்டும் என்று காளியாத்தாளுக்குத் தெரியும். இந்த மழையில் களம் காயவே இல்லை என்பதும் தெரியும். அவள் போனில் கேட்டாள்:

"ஏங்கண்ணு, பொறத்தால கெடந்த பித்துக் குமி இப்ப அங்க இருக்குதா?"

மௌனிகாவுக்குப் பின்னால் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"இல்லீங்கம்மா," என்றாள் மெதுவாக. "அய்யா நேத்து அதையும் அள்ளிப் போடச் சொல்லிட்டாருங்க. சான்றுக்குச் சாம்பிள் முன்பக்கத்துக் குமியிலதான் எடுத்தாங்க."

பத்து நிமிஷம் முடிந்து அந்த நம்பர் செத்தது. மௌனிகா இன்னொன்று அனுப்பினாள். அதுவும் செத்தது. பிறகு செங்கோட்டையனே கூப்பிட்டார். கோமதிக்குக் கேட்கும்படி கத்தினார். காளியாத்தாள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குமி மேல புல்லறுத்தது நானுங்க. எனக்குத் தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று முழுக்க அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோமதியின் துணியையெல்லாம் துவைத்தாள். துவைத்ததையே மறுபடி அலசினாள். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். எதிரே மலைச்சரிவில் பூண்டு வயல்களில் மேகம் இறங்கி ஏறியதைப் பார்த்தாள். போய் நம்பரைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை போனை எடுத்தாள்.

"நான் பண்றது தப்பா கோமதி?"

"எனக்குத் தெரியலம்மா. அப்பா கோவத்துலயும் ஒரு நாயம் இருக்குது. கப்பல் போயிருமே."

மறுநாள் காலை செங்கோட்டையன் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகளுடைய கையைப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டார். கோமதி போட்டுக் கொடுக்கச் சொன்ன காப்பியைக் குடித்தார். அப்புறம் எழுந்து வாசலில் நின்ற காளியாத்தாளிடம் போனார்.

"போனைக் குடு."

"தர்றனுங்க. நம்பரைப் படிக்கறது நீங்க, உண்மைன்னு சொன்னது மட்டும் நானா?"

"இத்தனை வருசம் நாங் காட்டின எடத்துல கையெழுத்துப் போடலியா நீ? இப்ப மட்டும் என்ன புதுசா?"

"அப்பத் தெரியாமப் போட்டனுங்க."

"ஏம்புள்ள, ஒலகத்துல எவன் பித்துலயும் புல்லு மொளைக்கறதில்லியா? நாலு செடி மொளைச்சாப் புடுங்கிப் போட்டுட்டுப் போறான். அதுக்காகக் கப்பலை உடுவாங்களா? கம்பெனி உம்பேருன்னு ஆராவது நெனைக்கறாங்களா? பலகையைப் பாரு, அது சாமி பேரு!"

"அப்பச் சாமி போனுக்கு நம்பர் வருதான்னு கேளுங்க."

உள்ளே கோமதி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். செங்கோட்டையனின் முகம் கறுத்தது. அவர் காருக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துகொண்டார். காளியாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய தோள்கள் தொங்கியிருந்தன. மழையில் காயாத பித்தோடு அவர் எத்தனை நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு மாரீஸ்வரியிடம் கோமதியை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். சின்னார் காடு தாண்டி, உடுமலை தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் போன் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அது ஒவ்வொரு முறை துடித்தபோதும் இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

வந்து இறங்கியதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை. கண்டெய்னரைத் திறக்கச் சொன்னாள். ஆட்கள் செங்கோட்டையன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மௌனிகாதான் முதலில் போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். பின்குவியலில் செய்த கட்டிகள் கடைசியில்தான் ஏறியிருந்தன. அதனால் முன்னாலேயே இருந்தன. காளியாத்தாள் ஒன்றை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டாள். அது ஊறி உப்பியபோது கோரைக் கிழங்கு உருண்டு உருண்டு மேலே வந்தது. செங்கோட்டையன் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். நசுக்கிப் பார்த்தார். தூர எறிந்துவிட்டு ஆபீஸுக்குள் போனார்.

அந்தக் கட்டிகளை இறக்கி நல்லேப்பிள்ளிப் பக்கத்து நாற்றுப் பண்ணைக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்விட்டது. வாங்குகிறவன் கோபமாக மெயில் போட்டான். அடுத்த ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அவன் திரும்பி வரவே இல்லை. இன்னொருவன் வந்தான். மீதிக் கண்டெய்னரைப் புதுக் கட்டியால் நிரப்பி அடுத்த கப்பலுக்கு அனுப்பியபோது, காளியாத்தாள் களம், மிஷின், அடுக்கு என்று எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் நம்பரைச் சொன்னாள். சொன்ன பிறகாவது மனசு அடங்கும் என்று பார்த்தாள். அடங்கவில்லை.

"இப்பக் கப்பல் எங்க கண்ணு?" என்று மௌனிகாவிடம் போய் நிற்பாள். மௌனிகா திரையில் நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளியைக் காட்டுவாள். அந்தப் புள்ளி நகர்கிற மாதிரியே தெரியாது. ஈரம் ஏறியிருக்குமோ, எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று கறவை நேரத்தில் நினைப்பு ஓடும். மாடு காலை உதறும்.

செங்கோட்டையன் அவளிடம் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நாள் ஆனது. ஆரம்பித்ததும் தொழில் பேச்சுதான். "கழுவற தண்ணியில உப்பு பாத்தாச்சா?" என்று அவளைக் கேட்டார். அவள் பாத்தாச்சு என்றால் தலையாட்டினார். நடுவில் ஒரு நாள் மௌனிகாவிடம் தனியாக, தன்னையும் கையெழுத்துப் போடுகிற ஆளாகச் சேர்க்க வழி உண்டா என்று விசாரித்திருக்கிறார். உண்டு, ஆனால் அதற்கும் அம்மா போனுக்குத்தான் நம்பர் வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மனைவியிடம் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு சாயங்காலம் களத்தோரம் நின்று, அவள் முகத்தைப் பாராமலே கேட்டுவிட்டார்.

"நீ இங்க இல்லாத நேரத்துக்கு ஆவும்னுதான். உன்னை ஏமாத்த இல்ல."

"நம்பர் வரட்டுமுங்க, பாக்கலாம்," என்றாள்.

மௌனிகா அனுப்பினாள். நம்பர் வந்தது. காளியாத்தாள் அதைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். கொடுத்தால் இந்த ஓட்டமும் வெசனமும் பாதியாகக் குறையும். கொடுத்தால் மறுபடி ஒரு மழைக்காலத்தில் அவர் என்ன செய்வார் என்றும் தெரியாது. இரண்டும் ஒரே எடையாக நின்றன. அப்போது மேற்கே இடித்தது. காய்ந்துகொண்டிருந்த பித்தின் மேல் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது.

"தார்ப்பாய்!" என்று கத்திக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து மௌனிகா கூப்பிட்டாள்:

"அம்மா, நேரம் முடிஞ்சிருச்சுங்க! இன்னொருக்கா அனுப்பட்டுமா?"

காளியாத்தாள் வாயைத் திறக்கும் முன்பே செங்கோட்டையன் சொன்னார்:

"அது கெடக்குது, அப்பறம் பாத்துக்கலாம். நீ அந்த மூலையை இழு புள்ள, தண்ணி பூருது."